சங்கம் வாங்காத மூன்று சக்கர வண்டி

எனக்குப் பேச வரும். வேறு பெரிதாக ஒன்றும் வராது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவேன், யாருக்காவது மனு எழுதிக் கொடுப்பேன், மற்றபடி பேச்சுதான். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் தமிழைப் பொட்டலம் மடித்து வந்த காகிதங்களில் படித்தேன். இந்தியைப் போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் காய்கறிக்காரர்களோடு பேரம் பேசிப் படித்தேன், அதன் எழுத்தைக் கடைப் பலகைகளைப் பார்த்துப் பழகினேன். யாராவது பேசும்போது நல்லதாக ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அதை அப்படியே காற்றில் விட எனக்கு மனசு வராது. வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுவேன். வண்டூர் பஸ்ஸில் ஒரு வங்காளி கண்டக்டர் இருந்தார். படிக்கட்டில் கால் வைக்க இடமில்லாத நேரத்திலும், "உள்ளே போங்க, அந்தமானே காலியாக் கிடக்கு" என்று இந்தியில் சொல்வார். அது நோட்டில் இருக்கிறது. மீன் விற்கிற தெலுங்கு அம்மா ஒருத்தி, விலையைக் குறைக்கச் சொன்ன ஆளிடம், கடலிடம் போய்க் கேள், எனக்கும் அதுதான் முதலாளி என்றாள். அதுவும் இருக்கிறது. இப்படி ஊரார் சொன்னதே நிறைந்த அந்த நோட்டில் நானே சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்று உண்டு. அது செய்த வேலையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் அப்பாமார் இலங்கைத் தேயிலை மலையில் இருந்து கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள். அரசாங்கம் அவர்களை இந்தத் தீவுகளில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலைக்கு வைத்தது. நான் வந்தபோது கைக்குழந்தை. கடல் எழுந்து வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, மிஞ்சியவர்களில் கொஞ்சம் பேர் போர்ட் பிளேருக்கு வந்தோம். பள்ளிக்கூடத்து வராந்தாவில் சில வாரம், கூடாரத்தில் சில மாதம், கடைசியில் வண்டூர் போகிற வழியில் ஒரு மேட்டின் மேல் தகரக் கொட்டகைகள். இருபது வீட்டுக்குச் சற்று மேலே இருக்கும். எல்லாரும் அதை ஷெல்டர் என்றுதான் சொன்னோம். வெயிலில் தகரம் காயும், மழையில் தகரம் பேசும். உள்ளே புருஷன் பெண்சாதி சண்டை போட்டால்கூட ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்காது. அதனாலேயே அங்கே சண்டை குறைச்சல் என்று என் மனைவி சொல்வாள்.

மேட்டுக்குக் கீழே முன்பு ஒரு ரோடு இருந்ததாம். பூமி அதிர்ந்தபோது நிலம் இறங்கிவிட்டதால், கடல் ஏறும் நேரமெல்லாம் அந்த ரோட்டில் தண்ணீர் நின்றது. ஆகவே பெரிய ரோட்டுக்குப் போக எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு மண்பாதை. பாக்குத் தோப்புக்கு நடுவே ஏறி இறங்கிப் போகும். இங்கே வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. ஆட்டோக்காரர்கள் பெரிய ரோட்டில் நின்று அந்தச் சேற்றைப் பார்ப்பார்கள், பிறகு நம்மைப் பார்ப்பார்கள், திரும்பிவிடுவார்கள்.

எங்களுக்கு ஒரு மரண உதவிச் சங்கம் இருந்தது. தேயிலை மலையில் இருந்தே எங்கள் ஆட்களோடு வந்த வழக்கம் அது. வீட்டுக்கு வீடு மாதம் கொஞ்சம் பணம் போடுவோம். சாவு விழுந்தால் துணி, பாடை, தப்பு மேளம், வருகிறவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் சங்கத்துச் செலவு. தூக்குவதற்கு வீட்டுக்கு ஒரு ஆண் வரவேண்டும். வண்டியில் ஏற்றுகிற பழக்கமே கிடையாது. எவ்வளவு தூரமானாலும் தோள்தான். கூட்டத்தில் எதை முடிவு செய்தாலும் வீட்டுக்கு ஒரு கை. கையைத் தூக்குவது வீட்டு ஆண். பெண்கள் வரலாம், உட்காரலாம், பேசவும் பேசலாம். ஆண் இல்லாத வீடாக இருந்தால் ஒழிய அவர்கள் கைக்குக் கணக்கு இல்லை. மனு எழுதுவேன், இந்தி பேசுவேன் என்பதற்காக என்னைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

கடல் வந்து மூன்றாவது வருஷம், எங்கள் மேட்டுக்குப் பின்னால் நிரந்தர வீடுகள் கட்டும் வேலை நடந்தது. கட்டிய காண்ட்ராக்டர் ஒரு தெலுங்குக்காரர். அவரிடம் ஒரு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் இருந்தது. முன்னால் நின்று பார்த்தால் பைக்தான். ஹேண்டில், டேங்க், கிக்கர் எல்லாம் அப்படியே. பின்னால் போய்ப் பார்த்தால் இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு இரும்புத் தட்டு. மெயின்லேண்டில் இருந்து கப்பலில் வந்தது. அந்த மண்பாதையில் சிமெண்டும் தகரமும் ஏற்றிக்கொண்டு, ஒரு கிழட்டு எருமை முனகுவதுபோல முனகிக்கொண்டே ஏறிவிடும். வேலை முடிந்ததும், வீட்டுச் சாவி எங்கள் கைக்கு வருமுன்பே, காண்ட்ராக்டர் ஊருக்குக் கிளம்பத் தயாரானார். பழைய வண்டியை ஹேடோ துறைமுகத்தில் கப்பல் ஏற்றிக் கொண்டுபோகிற செலவுக்கு அங்கேயே வேறு வண்டி வாங்கிவிடலாம் என்று சொல்லி, அதை எங்கள் சங்கத்துக்கே சல்லிசாகக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். கப்பலுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

இதை அவர் செயலாளரான என்னிடம் சொல்லவில்லை. பக்கத்துக் கொட்டகைப் பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் அவரிடம் சித்தாள் வேலை பார்த்தாள். அவள் புருஷனும் நானும் ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். அவன் எனக்கு மச்சான் முறை, அவள் தங்கச்சி முறை. நல்ல கனத்த உடம்பு அவனுக்கு. சர்க்கரை வியாதி. கொட்டகை வாசலில் கிடந்த தகர விளிம்பு காலைக் கிழித்து, புண் ஆறாமல் பாதம் முழுக்கப் பரவி இருந்தது. தரையில் காலை ஊன்றக்கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து மருந்து வைத்துக் கட்டவேண்டும், தவறினால் காலுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெரிய ரோட்டுக்குப் போய்விட்டால் பஸ் உண்டு, ஆட்டோ உண்டு. பெரிய ரோடு வரைக்கும் போவதுதான் பாடு. இரண்டு பேர் தோளில் கைபோட்டு, ஒற்றைக் காலால் தத்தித் தத்திப் போவான். பாதியில் காலை ஊன்றிவிடுவான். கட்டுக்கு மேலே சேறு ஏறிவிடும்.

ஆக, அந்த வண்டி அவன் கால். விஷயம் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொள்ள ஐந்தாம் வகுப்புகூட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டோம். எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தத் தங்கச்சி எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. சாதாரணமாக அவள் பேச்சு, உப்பு இருக்கா, தண்ணி வந்துச்சா என்ற அளவில் இருக்கும். அன்று கையைக் கட்டிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள். வண்டியைப் பற்றி, அது என்ன விலைக்கு வருகிறது, எவ்வளவு எண்ணெய் குடிக்கும், டயர் எத்தனை மாதம் தாங்கும், தன் தம்பிக்கு ஓட்டத் தெரியும், அவன் காசு வாங்காமல் ஓட்டுவான் என்றெல்லாம் வரிசையாகச் சொன்னாள். சிமெண்டு மூட்டை பத்து ஏறுகிற இடத்தில் இவர் ஒருத்தர் ஏறமாட்டாரா என்று புருஷனைக் காட்டிக் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னாள்:

"சங்கத்துக் காசு சாவுக்குன்னு வச்சது. சரி. சாவு வராம இருக்கவும் அதுல கொஞ்சம் செலவு பண்ணலாமில்ல?"

ஒரு கிழவர் மட்டும் மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்த வார்த்தையின் அருமை அங்கிருந்த எல்லாரையும்விட எனக்குத் தெரியும். அந்த மாதிரி வார்த்தைக்காகத்தான் நான் பஸ்ஸிலும் படகுத்துறையிலும் காதைத் தீட்டிக்கொண்டு அலைகிறவன். ஆனால் அதை நான் நோட்டில் எழுதவில்லை.

அந்த நேரத்தில் என் நெஞ்சில் ஓடியதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. என் கூட்டத்தில், என் ஜனத்துக்கு முன்னால், என்னைவிட ஒருத்தி நன்றாகப் பேசிவிட்டாள். அதுவும் பக்கத்துக் கொட்டகையில் இருந்து சுள்ளி கேட்டு வருகிறவள். வண்டி நல்லதா கெட்டதா என்ற யோசனையே எனக்கு வரவில்லை. அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்றுதான் வாய் ஊறியது.

அவள் உட்காரும்முன் கடைசியாக ஒன்று சேர்த்தாள். தூக்குவதற்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறது, பையன்களெல்லாம் டவுனில் வேலைக்குப் போய்விட்டார்கள், புதுச் சுடுகாடு தூரம், அதனால் இறந்தவர்களையும் அதில் ஏற்றிக்கொள்ளலாம் என்றாள். சங்கத்துக் காசுக்கு நியாயம் சொல்வதற்காக அதைச் சொன்னாள். நான் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

எழுந்து நின்று, வேண்டும் என்றே கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு எங்கள் அப்பாமார் பனிக்குள்ளே மலை மலையாகத் தோள் மாற்றித் தோள் தூக்கிக்கொண்டு போனதைச் சொன்னேன். எனக்கு அது நினைவில்லை, கேள்விதான். ஆனாலும் பார்த்ததுபோலச் சொன்னேன். பிறகு கடலுக்கு வந்தேன்.

"கடல் கொண்டுபோனவங்களத் தூக்குறதுக்கு நமக்குக் குடுத்து வைக்கல. கெடைச்ச ஒடம்பையாவது தோள்ல தூக்குவோம். சிமிட்டி மூட்ட ஏத்துன தட்டுல ஏத்தி அனுப்பவா மிஞ்சி வந்தோம்?"

பெண்கள் சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்த வீடுகளில் பாதிக்கு மேல் கடல் யாரையாவது எடுத்திருந்தது. என் சொந்த அக்காள் உட்பட. என் அக்காளை நான் அந்த வண்டிக்கு எதிராகக் கூட்டத்தில் நிறுத்தினேன்.

அழுதார்கள். அழ வைத்ததும் சிரிக்கவும் வைக்கவேண்டும் என்பது பேசுகிறவனுக்குத் தெரியும். ஆகவே குரலை மாற்றிக் கேட்டேன்:

"இன்னொண்ணு. பொணம் எறங்குன தட்டுல புள்ளத்தாச்சி ஏறுவாளா?"

சிரிப்பில் கொட்டகை அதிர்ந்தது. கூட்டத்தில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்; எல்லாரும் திரும்பி அவளைப் பார்க்க, அவள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்து, "ஐயோ, நா மாட்டேம்ப்பா" என்றாள். அவ்வளவுதான். அந்தத் தங்கச்சி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பொணத்துக்கு வேண்டாம், நோயாளிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்ல வந்திருப்பாள். யாருக்கும் கேட்கவில்லை. நான் உடனே கை தூக்கச் சொல்லிவிட்டேன்.

வேண்டாம் என்று ஏறக்குறைய எல்லாக் கையும் உயர்ந்தது. அதில் என் மச்சான் கையும் ஒன்று. கட்டுப்போட்ட காலை எதிரில் ஒரு பலகை மேல் நீட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, தன் காலுக்கு எதிராகத் தானே கையைத் தூக்கினான். அவன் வீட்டுக்கு அது ஒன்றுதான் கை. அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புள்ளத்தாச்சி வாக்கியத்தை நோட்டில் எழுதினேன். கீழே, நான் சொன்னது என்றும் எழுதினேன்.

அடுத்த சில நாட்கள் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வார்த்தை ஊர் சுற்றிவிட்டது. பெரிய ரோட்டில் டீக்கடை வைத்திருந்த மலையாளி அதை இந்தியில் சொல்லி என்னிடமே காட்டினார். தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பெண்கள் எதற்கோ, இது புள்ளத்தாச்சி ஏறுற தட்டா, பொணம் ஏறுற தட்டா என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுச் சிரித்தார்கள். நான் சொன்னது மற்றவர்கள் வாயில் வருகிறது. இத்தனை வருஷமாக நான் மற்றவர்களிடம் பொறுக்கியதற்கு இப்போது மற்றவர்கள் என்னிடம் பொறுக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் என் மனைவி சோறு போட்டுக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரர் காலுக்கு என்ன வழி என்று கேட்டாள். ஆள் இருக்கிறது, தூக்குவோம் என்றேன். யார் ஆள் என்றாள். நான் குழம்பு கேட்டேன்.

கப்பலுக்கு மூன்று நாள் இருக்கும்போது காண்ட்ராக்டர் என்னை அபர்டீன் பஜாரில் பார்த்தார். இந்தியில்தான் பேசினோம். செக்ரெட்டரி சாப், மீன் வியாபாரி ஒருத்தன் வண்டியைக் கேட்கிறான், உங்கள் ஆட்களுக்கு வேண்டுமானால் அவனுக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறேன், அந்த அம்மா என்னிடம் ரெண்டு வருஷம் வேலை பார்த்தது என்றார். அவர் நின்ற இடம், பஸ் ஹாரன், பக்கத்தில் ஒருவன் வெள்ளரிக்காய் சீவிக்கொண்டிருந்தது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. சரி என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மறுபடி கூட்டம் போட்டு, நான் அன்று அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கை எல்லாம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கும். அந்த ஜனம் என் பேச்சைக் கேட்கிற ஜனம். ஆனால் என் வாக்கியத்தை நானே எப்படித் திரும்ப வாங்குவது? சங்கம் முடிவு செய்துவிட்டது என்று சொன்னேன். சங்கத்தின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்த வண்டியை வண்டூர்ப் பக்கம் பார்ப்பேன். தட்டு நிறைய மீன் கூடை, ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்டப் போகும்.

ஆகவே என் மச்சானைத் தூக்கினோம். ஒரு நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, ஆளுக்கு ஒரு முனை. கூட்டத்தில் பேசிய கௌரவத்துக்காக நான் முதல்நாளே முன் முனையைப் பிடித்தேன். வழுக்கும் சரிவில் இறங்கும்போது பின்னாலிருந்து அவன் குரல் வந்தது.

"என்னா மச்சான், இப்பவே பழகிக்கிறீங்களா?"

நாலு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்ததில் என் பக்கம் மூங்கில் சாய்ந்தது. அவன் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, அடே மெதுவா, மெதுவா, இன்னும் உசுரு இருக்கு என்றான்.

முதல் வாரம் ஆறு பேர் வந்தார்கள், தோள் மாற்றிக்கொள்ள. அடுத்த வாரம் நாலு. பிறகு ஒருத்தனுக்கு டியூட்டி, ஒருத்தனுக்கு இடுப்பு, ஒருத்தனுக்கு மெயின்லேண்டில் இருந்து ஆள் வருகிறார்கள். எனக்கும் ஒருநாள் பஜாரில் ஒருவருக்கு மனு எழுதுகிற வேலை வந்தது. அது மறுநாளுக்குத் தள்ளிப்போடக்கூடிய மனு. போகாமல் இருக்க அது போதுமாக இருந்தது. காலையில் அவள் வாசல் வாசலாகப் போய், "அண்ணே, இன்னைக்கு ஒரு கை" என்று கேட்பாள். புருஷனுக்குத் தலைமுடி சீவி, சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் கேட்கக் கிளம்புவாள். ஆள் சேராவிட்டால், அவனுக்கு மறுபடி சட்டையைக் கழற்றுவாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் அவனே வேண்டாம் என்றுவிட்டான். நாள் விட்டு நாள் நாலு பேர் முகத்தைப் பார்த்துக் கூச்சமாக இருக்கிறது, புண் இப்போது பரவாயில்லை, வீட்டிலேயே கட்டிக்கொள்கிறேன் என்றான். பரவாயில்லாமல் இல்லை என்பது நாற்றத்தில் தெரிந்தது. அவன் சொன்னதைக் கேட்டதும் முதலில் எனக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்பாடா என்று தோன்றியது.

அந்த மாதக் கடைசியில் காய்ச்சல் கண்டு அவனுக்கு நினைவு தப்ப, ஊரே கூடி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அன்று ஆளுக்குப் பஞ்சமில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அவன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் வரை நான் தினமும் போனேன். போய் எல்லாம் பேசுவேன்; கப்பல் எப்போது வருகிறது, எந்தக் கடையில் அரிசி நல்லது, கண்டக்டர் என்ன சொன்னார். அவனும் பேசுவான். ஒருநாள் அவனே, அன்னைக்குக் கூட்டத்துல நீ பேசுன பேச்சு இருக்கே மச்சான், வயிறு வலிச்சுப்போச்சு என்று நினைவுபடுத்திச் சிரித்தான். அவனுக்கு என் மேல் ஒரு வருத்தமும் இல்லை. ஊரில் யாருக்குமே இல்லை. சர்க்கரை வியாதி என்றால் கால் போகத்தான் செய்யும் என்றார்கள். என்னை யாராவது நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன், பேசிப் பேசி அதிலிருந்து வெளியே வந்திருப்பேன். அந்த வசதியை ஒருவரும் எனக்குச் செய்து தரவில்லை.

அவன் சிரித்த அன்று நான் எழுந்து கொட்டகைக்குப் பின்பக்கம் போனேன். அவள் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன்:

"தங்கச்சி, அன்னைக்கு நான் பேசுனது பொணத்துக்காகவும் இல்ல, புள்ளத்தாச்சிக்காகவும் இல்ல. நீ நல்லாப் பேசுன. அது எனக்குப் பொறுக்கல."

அவள் தலையைத் தூக்கவில்லை. தண்டைக் கிள்ளி ஒரு பக்கம், இலையை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"அது அன்னைக்கே தெரியும்ணே. நான் பேசுறப்ப நீங்க என்னையப் பாக்கல. சனத்தோட மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். அவளே மேலும் சொன்னாள்.

"அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. ஆம்பளைக்கு வர்றதுதான். கப்பலுக்குப் பதினஞ்சு நாள் இருந்துச்சேண்ணே. தெனம் தண்ணி எடுக்கப் போறப்ப ஒங்க வாசலப் பாத்துக்கிட்டேதான் போவேன். இன்னைக்குக் கூப்புட்டுச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். என்னிடம் அதற்கும் நல்ல வார்த்தைகள் இருந்தன, பல நாளாகவே அடுக்கிவைத்திருந்தேன். அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் நாலாக மடித்த காகிதம்.

கால் இல்லாதவர்களுக்கு அரசாங்கத்தில் மூன்று சக்கர மோட்டார் வண்டி கொடுக்கிறார்களாம், ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லி, இந்த ஃபாரத்தையும் வாங்கிக் கொடுத்தாளாம். கிடைத்தால் யார் தோளும் வேண்டாம், அவரே ஓட்டிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போவார், இன்னொரு காலையாவது காப்பாற்ற வேண்டும், அதிலும் இப்போது ஒரு கொப்புளம் தெரிகிறது என்றாள்.

"எழுதித் தாங்கண்ணே. பேச வேணாம்."

முறத்தைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து எழுதினேன். பெயர், அப்பா பெயர், எந்தத் தீவில் இருந்து வந்தவர், இப்போது எங்கே இருக்கிறார். இந்தியில் எழுத எழுத, அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து இது என்ன, இது என்ன என்று கேட்டாள். அவளுக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. நான் தமிழில் படித்துச் சொன்னேன். ஊனம் எதனால் ஏற்பட்டது என்று ஒரு கட்டம் வந்தது. அதையும் எழுதி நிரப்பினேன்.

"என்னா எழுதுனீங்க?"

"சக்கர வியாதி. கால்ல புண்ணு. ஆறல."

"ஏன் ஆறலன்னு கேக்கலையா?"

இல்லை என்றேன். நிஜமாகவே கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது.

"அப்பச் சரி" என்றாள்.

காகிதத்தை உள்ளே எடுத்துப்போனோம். ஒரு டப்பாவில் இருந்த மையில் அவன் கட்டைவிரலைத் தோய்த்து, அவளே அழுத்திப் பிடித்து வைத்தாள். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "என்னா மச்சான், கூட்டத்துல கேக்காமயே எழுதிட்ட? சங்கம் கோவிச்சுக்காதா?"

சிரித்தது அவன் மட்டும்தான். அவள் தன் சேலைத் தலைப்பால் அவன் விரலைத் துடைத்துவிட்டாள். மழை ஈரத்தில் கைநாட்டு சீக்கிரம் காயவில்லை. காகிதத்தைக் கொடியில் துணிகளுக்கு நடுவே ஒரு கிளிப்பில் மாட்டிவிட்டு, காய்ந்ததும் எடுத்துக்கொண்டு போங்கள், நாளைக்கு முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய்க் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கீரைக்குத் திரும்பினாள். அது காய்கிற வரைக்கும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவன் என்னென்னவோ கேட்டான். எனக்கு ஒன்றும் பேச வரவில்லை.